மெதுவாகப் போகத் தெரியாத கார்

விளக்கு மறுபடியும் சிவப்பாகிவிட்டது.

“போச்சு!” என்று பல்லுக்குள் முனகினார் ரோலண்ட்.

பக்கத்து இருக்கையில் மகள் பிரையனி, கல்யாணக் கவுனை மடியில் மூட்டையாகச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் காருக்குக் கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. கையைத் தொங்கவிட்டால் தார் ரோட்டைத் தொட்டுவிடலாம். இருப்பது இரண்டே இருக்கை. காரின் மூக்கில் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது.

மேட்டு வழியில் இரண்டு பக்கமும் கற்சுவர். குழாய் பதிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமையே பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு, ஒற்றை வழிக்கு ஒரு தற்காலிக விளக்கையும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சனிக்கிழமை மண்வெட்டி பிடிக்க ஓர் ஆள் இல்லை. விளக்கு மட்டும் கடமை தவறாமல் சிவப்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

“ஏம்ப்பா இப்படி உறுமிக்கிட்டே இருக்கே? காலை எடுத்தா என்ன?”

“எடுத்தா நின்னுடும்.”

“முன்னெல்லாம் நிக்காதே!”

ரோலண்ட் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விட்டார். கார்புரேட்டர்கள் இருமின. மேட்டின் உச்சியிலிருந்து சர்ச் மணி கேட்டது. மாப்பிள்ளை டங்கன் அங்கே காத்திருந்தான். பாதிரியாருக்கு ஐந்து ஊர் பொறுப்பு. இதை முடித்த கையோடு வேறு ஊரில் இன்னொரு கல்யாணம் நடத்திவைக்க ஓட வேண்டியவர். ‘தாமதமாகக் கூடாது’ என்று ரோலண்டிடம் தனியாகவே சொல்லியிருந்தார்.

பச்சை விழுந்தது. முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. ரோலண்ட் இன்ஜினை அலறவைத்து கிளட்சை விட்டார். கார் ஒரு முறை தூக்கிப் போட்டது. பிரையனியின் முக்காடு எகிறி அவர் முகத்தில் விழுந்தது. விலக்கிப் பார்ப்பதற்குள் இன்ஜின் செத்துவிட்டது. கிளட்ச் கருகும் நாற்றம் வேறு.

“என்னாச்சு?”

“பெட்ரோல்ல அழுக்கு. ஒரு நிமிஷம்டா கண்ணு.”

பொய். பெட்ரோலில் ஒரு அழுக்கும் இல்லை.

இந்தக் காரை இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினார்கள். தகடும் குழாயுமாகப் பெட்டிகளில் வந்து இறங்கியதை, பழைய குடும்பக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய இன்ஜினோடு சேர்த்து, குளிர்காலம் குளிர்காலமாக காரேஜில் உட்கார்ந்து முழுசாக்கினார்கள். தரைத் தகட்டின் ஆணிகள் அத்தனையும் பிரையனி அடித்தவை. கல்யாணம் நிச்சயமானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “வாடகைக் கார் வேண்டாம்ப்பா. நம்ம கார்ல, நீ ஓட்டணும். ஊருக்கு நடுவுல மெதுவா போகணும். எல்லாரும் பாக்கணும்.”

“பூனை மாதிரிப் போகும்,” என்று வாக்குக் கொடுத்தார். மனைவி க்ளெனிஸ் மட்டும், “பாத்துக்கோங்க, அப்புறம் கையை விரிக்காதீங்க,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவருடைய கார் கிளப்பின் பவர் நாள் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் கார்களை உருளை மேல் ஏற்றி ஓடவிட்டு, சக்கரத்துக்கு எத்தனை குதிரை சக்தி வருகிறது என்று பார்த்துப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். அந்த எண்ணைத்தான் வருஷம் முழுக்கப் பேசுவார்கள். கார் எப்படி ஓடுகிறது என்று ஒரு நாயும் கேட்காது. ரோலண்டின் பெயர், எப்போதும் அவரோடு போட்டி போடுகிற நெவிலுக்குக் கீழே போனது.

“என்ன ரோலண்ட், உள்ள தையல் மிஷினா வச்சிருக்கே?” என்றான் நெவில். கிளப்பே சிரித்தது.

அன்று ராத்திரி ரோலண்டுக்குச் சோறு இறங்கவில்லை. பந்தயக் கார்களுக்குப் போடுகிற கேம் ஷாஃப்ட் ஒன்றை வரவழைத்தார். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற தண்டு அது. புதியது வால்வுகளை நீண்ட நேரம் திறந்தே வைத்தது. வேகமெடுத்தால் இன்ஜின் பேய் பிடித்ததுபோல் இழுத்தது. தனியாகக் கொண்டுபோய் உருளையில் ஏற்றிப் பலகையின் உச்சிக்கும் போய்விட்டார். ஆனால் மெதுவாகப் போனால் இருமல், விக்கல், நிற்றல். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினார், டைமிங்கை மாற்றினார், ஒவ்வொரு சாயங்காலமும் காரேஜிலேயே கிடந்தார். மேல் வேகத்தில் கிடைத்ததைக் கீழ் வேகத்தில் பறிகொடுத்தாயிற்று. திருகாணியைத் திருகி அதை மீட்க முடியாது.

பழைய தண்டைத் திரும்பப் போட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் அது கையில் இல்லை. அதே இன்ஜின் வைத்திருந்த நெவிலின் தண்டு தேய்ந்து போய், “உன் பழசு சும்மாத்தானே கிடக்கு?” என்று அவன் வந்து நின்றபோது, “எடுத்துக்கோ, உன் வண்டிக்கு அதுவே ஜாஸ்தி,” என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்படிச் சொன்ன வாயால் திருப்பிக் கேட்பதா? கிளப்பில் தலைகாட்ட முடியுமா? கேட்கவில்லை. எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று துணிந்துவிட்டார்.

இப்போது ஸ்டார்ட்டர் இழுவை தளர்ந்துகொண்டே போய், கடைசியில் ‘டிக்’ என்றதோடு அடங்கியது. ரேடியேட்டர் விசிறி பேட்டரியில் மிச்சமிருந்ததையும் உறிஞ்சிவிட்டிருந்தது.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் எதிரே மேடு. பின்னால் உருட்டலாம் என்றால் ரிப்பன் கட்டிய கிளப் கார்கள் மூக்கும் வாலும் உரச நின்றன. அவற்றுக்கும் பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ரோலண்ட் முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், சுவரைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“அப்பா, உண்மையைச் சொல்லு.”

“கேம் ஷாஃப்ட்டை மாத்திட்டேன்.”

“எப்போ?”

“பவர் நாளுக்கு அப்புறம்.”

“நான் மெதுவா போகணும்னு கேட்டதுக்கு அப்புறமா?”

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி தலையாட்டினார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவளோ கவுனின் மடிப்பை நீவினாள்.

கோட்டில் பூ செருகிய நெவில், பின்னால் நின்ற தன் காரிலிருந்து இறங்கி வந்தான். “என்னய்யா, கல்யாணத்துக்குப் போறியா, ரேஸுக்கா? மேல மணியடிக்கிறவனுக்கே காது அடைச்சிருக்கும்!”

“பேட்டரி போச்சு.”

“பேட்டரி மட்டுமா?” நெவில் குனிந்து பிரையனியைப் பார்த்தான். சிரிப்பை விழுங்கினான். “வாம்மா, என் வண்டில ஏறு. அடுத்த பச்சைக்கு மேல போயிடலாம்.”

“அப்பா எப்படி வருவாரு?”

“ரெண்டு சீட்டுதானேம்மா.”

ரோலண்ட் எதையும் பார்க்காமல், “நீ போ கண்ணு. நான் ஓடி வந்துடறேன்,” என்றார்.

“இந்த மேட்டுலயா? போய்ச் சேர்ந்ததும் உன்னைத்தான் முதல்ல புதைக்கணும்,” என்றாள் பிரையனி. கண் கலங்கியிருந்தது. “அப்பா கையைப் பிடிக்காம நான் உள்ள போகமாட்டேன் அங்கிள். டங்கன் காத்திருக்கட்டும்.”

நெவில் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து ரோலண்டின் மூக்குக்கு நேரே ஆட்டினான். “ஓட்டுறியா? இல்ல, இதுக்கும் கௌரவம் பாப்பியா?”

ரோலண்ட் சாவியைப் பார்த்தார். மேலே மணி நின்றது. அந்த மௌனம்தான் அவரை எழுப்பியது. சாவியை வாங்கிக்கொண்டார்.

“நீ?” என்றார்.

“உன் சாம்பியனுக்குக் காவல். யாராவது திருடிக்கிட்டு மெதுவா போயிடப் போறாங்க!”

பச்சை விழுந்ததும் நெவிலின் மஞ்சள் கார், காலியாகிவிட்ட எதிர்ப்பக்கமாக ஒதுங்கி முன்னேறியது. இரண்டாவது கியரில், நடக்கிற வேகத்தில், ஒரு நடுக்கமில்லாமல் மேடேறியது. ரோலண்ட் காலை எடுத்தால்கூட முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது. வாசல்களில் நின்றவர்கள் கையாட்டினார்கள். இறைச்சிக் கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். பிரையனி பதிலுக்குக் கையாட்டினாள். திடீரென்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“அப்பா, இந்தச் சத்தம்...”

“ம்.”

“நம்ம கார் சத்தம்.”

“நம்மளோடதுதான். நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.”

அவள் கியர் பிடித்திருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தாள். மன்னித்தாளா என்று அவர் கேட்கவில்லை.

பாதிரியார் வாசலிலேயே கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, புகைப்படக்காரர் மணமக்களை மஞ்சள் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ரோலண்டையும் கூப்பிட்டார்.

“பொண்ணும் நீங்களும் சேர்ந்து கட்டின காராமே சார்? இதுதானா?”

கிளப்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்ல,” என்றார் ரோலண்ட். “அது கீழ விளக்குல நிக்குது.”