ஜூனியர் தியாராவுக்கு வாய் உண்டு

தியாராவின் குரலைச் செய்வது அப்படியொன்றும் கடினமான வேலையில்லை. முதலில் நாக்கின் அடிப்பகுதியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். வாயில் சூடான போண்டாவை வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தவர்களுக்கு அது தானாகவே வரும். அடுத்தது மூச்சு. மூச்சு முழுவதையும் குரலாக மாற்றிவிடக் கூடாது. பாதியைக் காற்றாகவே கசியவிட வேண்டும். முள் குத்திய சைக்கிள் டயரின் சத்தம்போல ஒன்று பாட்டோடு சேர்ந்து வரும். கடைசியாக, வரி முடிகிற இடத்தில் தொண்டையை இறுக்கிச் சட்டென்று விட்டுவிட்டால் குரல் லேசாக உடையும். ரசிகர்கள் உயிரை விடுவது அந்த உடைசலுக்குத்தான்.

சுமலதாவுக்கு இதெல்லாம் தூக்கத்தில்கூட வரும். வார நாட்களில் அவளுக்கு ஓசூரில் தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை; ஓடுகிற பம்பைச் சோதித்துப் பார்க்கிற பிரிவு. விடுமுறையிலும் திருவிழா நாட்களிலும் அழகர்சாமியின் இன்னிசைக்குழுவில் அவள்தான் ‘ஜூனியர் தியாரா’.

சினிமாவில் பெயர் எடுத்தவர்களுக்கெல்லாம் ஊர்த் திருவிழாக்களில் ஒரு ஜூனியர் உண்டு. பாடகி தியாராவுக்கு நீல முடியும் வட்டக் கண்ணாடியும் அடையாளம் என்பதால் சுமலதாவும் நீல விக் வைத்து, பவர் இல்லாத வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையேறுவாள். ஃபிளெக்ஸ் பேனரில் ஆளுயரத்துக்குத் தியாரா சிரித்துக்கொண்டிருப்பாள். ‘ஜூனியர்’ என்ற சொல் அவளுடைய முழங்கைக்குக் கீழே எறும்பு அளவில் இருக்கும். சுமலதா என்ற பெயர் எறும்பு அளவில்கூட இருக்காது.

பல வருடங்களாக அவளுக்கு அதில் குறை ஒன்றுமில்லை. குறை வந்தது பம்பு சோதிக்கிற மேடையில்தான்.

பம்பைத் தொட்டியோடு இணைத்து ஓடவிட்டு, தண்ணீர் வெளியேறும் குழாயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவார்கள். வழி குறுகக் குறுக உள்ளே அழுத்தம் ஏறும். மோட்டாரின் ரீங்காரமும் மாறும். அந்த ரீங்காரத்தோடு சேர்ந்து எதையாவது முனகுவது சுமலதாவின் வழக்கம். தியாராவின் குரலில் முனகினால் அவளுக்கே கேட்காது. கசிகிற காற்று இரைச்சலோடு கலந்து காணாமல் போய்விடும். இரைச்சலைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்றால் மூச்சு மொத்தமும் குரலாக வேண்டும், நெஞ்சு அதிரவேண்டும். ஒருநாள் தன்னை அறியாமல் அப்படிப் பாடிவிட்டாள். பக்கத்து மேடையில் வேலை செய்யும் நாராயணம்மா காதில் செருகியிருந்த பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஏமே சுமா, யார்து அந்தக் குரலு? ரேடியோ கீடியோ வெச்சிக்கினு இருக்கியா?”

“நான்தான்க்கா.”

“நீயா? போ மே! நீ பாடினா பூனைக்கு இருமல் வந்தாப்புல இல்ல இருக்கும்?”

சுமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு திகைப்பு வந்தது. அந்தக் குரல் அவளுக்கும் புதிதாகத்தான் இருந்தது. கனமாக, அடியில் கொஞ்சம் சொரசொரப்பாக, தியாராவோடு எந்த உறவும் இல்லாமல் இருந்தது. இத்தனை நாளும் இதை எங்கே வைத்திருந்தோம் என்று யோசித்தாள். அன்றைக்கே அழகர்சாமிக்குப் போன் போட்டு, ஒரே ஒரு பாட்டு, தன் பெயரில், தன் குரலில் வேண்டும் என்று கேட்டாள். அவர் இழுத்தடித்தார். கடைசியில், ராயக்கோட்டைத் திருவிழாவில் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அந்தத் திருவிழா வந்தது. மேடைக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூட வகுப்பறைதான் ஒப்பனை அறை. வெளியே வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அழகர்சாமி விரலிடுக்கில் ஒரு பென் டிரைவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். லேத் வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவருக்குத் தலை நரைத்துவிட்டது; பேச்சு மட்டும் இன்னும் வைகைக் கரையிலேயே இருந்தது.

“தாயி, இன்னைக்கு உனக்கு வேலை ரொம்ப லேசு. திருவிழாக் கமிட்டில தியாராவோட புதுப் பாட்டுத்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாய்ங்க.”

“அது தொண்டையில வராதுண்ணா. நான்தான் பாடிக் காட்டினேனே.”

அவள் சொன்னது உண்மை. மனிதத் தொண்டை ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குச் சரிவில் ஏறுவதுபோல வழுக்கிக்கொண்டுதான் போகும். புதுப் பாட்டில் தியாராவின் குரலை ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்குள் விட்டு, அந்தச் சரிவையெல்லாம் செதுக்கிப் படிக்கட்டாக்கியிருந்தார்கள். குரல் வழுக்காமல் படிக்குப் படி குதித்தது. கேட்க வேடிக்கையாக, பளபளப்பாக இருந்தது. தியாராவே நேரில் வந்தாலும் அதை வெறும் தொண்டையால் பாட முடியாது.

“அதுக்குத்தான் இதைக் கொண்டாந்தேன்,” என்று பென் டிரைவை ஆட்டினார் அழகர்சாமி. “ஒரிஜினல் அப்படியே இருக்கு, கொரலோட. நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்.”

“மைக்கு?”

“கையில வச்சுக்க. பாட்டு முடியற வரைக்கும் அதை நான் அமத்தி வச்சிருப்பேன்.”

“எனக்கு ஒரு பாட்டு தர்றேன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன். இல்லங்கல. சனம் தியாராவைப் பாக்கவா வருது, உன்னையப் பாக்கவா வருது? கோவிச்சுக்காத, உள்ளதைச் சொல்றேன்.”

“அப்ப எனக்கு இங்க இன்னாண்ணா வேலை? விக்கை ஒரு குச்சியில மாட்டி நட்டு வெச்சிடலாமே.”

“குச்சி ஆடாதுல்ல தாயி?” என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தணித்துக்கொண்டார். “நம்ம டான்ஸ் பூங்கொடி உன்னைவிட நல்லா ஆடும். பாடத் தெரியாதுன்னுதான் இத்தனை நாளும் ஓரமா நிறுத்தியிருந்தேன். இனிமே பாடத் தெரியணும்னு என்ன இருக்கு? இந்த மேடையை விட்டா உனக்கு வேற யாரு மேடை தருவா? யோசிச்சுக்க.”

அவர் போய்விட்டார். சுமலதா நீல விக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை; இந்தப் பக்கத்தில் அவளை மேடையேற்ற வேறு குழு கிடையாது. ஆனால், காப்பியடித்தபோதுகூட மூச்சு அவளுடையது, தொண்டை அவளுடையது, பாட்டு முடிந்ததும் வருகிற வலியும் அவளுடையது. வாயை மட்டும் அசைத்தால் அதில் எது அவளுடையது?

கீபோர்டு வாசிக்கும் முனிராஜ் கதவில் சாய்ந்து நின்றான்.

“என் கீபோர்டுக்குக் கரண்டே வேணாமாம்க்கா. ட்ராக்ல எல்லாம் இருக்குதாம். நான் சும்மா விரலை ஆட்டணுமாம். எங்க ஊட்ல கேட்டா இன்னா வேலைன்னு சொல்றது?”

“நீ பிளக்கைச் சொருகியே வெச்சிரு,” என்றாள் சுமலதா.

அவன் அவளையும் மடியிலிருந்த விக்கையும் பார்த்தான். பிளக்கைச் சொருகப் போனான்.

திடல் நிரம்பியிருந்தது. அழகர்சாமி மேடையோரத்தில், மைக்குகளையும் ஸ்பீக்கரையும் கட்டுப்படுத்தும் மிக்சருக்குப் பின்னால் நின்று தன் மைக்கில் முழங்கினார்: “இதோ! உங்கள் அபிமான! தியாரா! தியாரா! தியாரா!” புகை கிளம்பியது. ட்ராக் அதிர்ந்தது. விசில் காதைக் கிழித்தது. புகைக்குள்ளிருந்து சொந்தக் கறுப்பு முடியை இறுக்கப் பின்னிப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், சாதாரணச் சுடிதாரில் சுமலதா நடந்து வந்தாள். மேடையின் நடுவில் நின்றாள். மைக் பிடித்த கையைத் தொங்கவிட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் தியாரா பாட ஆரம்பித்தாள்.

குரல் படிக்குப் படி குதித்து ஏறியது. மேடையிலோ ஒரு பெண் உதடு பிரியாமல், கண்ணிமைத்துக்கொண்டு நின்றாள். முதலில் கூட்டத்துக்குப் புரியவில்லை. பிறகு முன்வரிசையில் யாரோ, “அம்மணி, பாட்டு ஓடிப்போச்சு, பிடி!” என்று கத்த, சிரிப்பு கிளம்பிப் பின்வரிசை வரைக்கும் போயிற்று. சிரிப்பவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். சுமலதா அசையவில்லை. சரணத்துக்குப் போன தியாராவை அழகர்சாமியே பாதியில் நிறுத்தினார்.

சட்டென்று அமைதி. பதற்றத்தில் அவர் அவளுடைய மைக்கைத் திறந்துவிட்டிருந்தார். ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்திருக்கலாம்.

“தியாரா பாடிட்டாங்க,” என்றாள் சுமலதா. “இப்ப நான் பாடட்டுமா?”

“நீ யாரு?” என்று ஒரு குரல். “ஃபிளெக்ஸ்ல தியாரா போட்டிருக்கு!”

“அவங்க சென்னையில இருக்காங்க. இந்த ஊருக்கு வரப்போறதில்ல. நான் மூக்கண்டப்பள்ளி, பேரு சுமலதா. நான் வந்திருக்கேன்.”

விசில் வந்தது, “எறங்கு!” என்ற கத்தலும் வந்தது. கமிட்டிச் செயலாளர் ராமப்பன், தக்காளி மண்டிக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிக்சரை நோக்கி ஓடினார்.

சுமலதா முனிராஜ் பக்கம் திரும்பினாள். “தியாராவோட முதல் பாட்டு. நாலு கீழ.”

கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மொத்த ஸ்வரங்களும் அரைப்படி கீழே இறங்கும். வாசிப்பவன் விரல்களை மாற்றவேண்டியதில்லை. தியாராவின் பாட்டுகள் உச்சியில், மெல்லிய குரலுக்கென்று கட்டப்பட்டவை. கனமான குரல் அங்கே கால் ஊன்ற இடமில்லாமல் தத்தளிக்கும். முனிராஜ் நாலு முறை அழுத்தினான்.

முதல் வரி கரகரவென்று வந்தது. இரண்டாவது வரியில் பழக்கதோஷம், தொண்டை தியாராவைப்போல இறுகப் பார்த்தது, அவள் விடவில்லை. ஓடுகிற மோட்டாருக்கு மேலே பாடுவதுபோல மூச்சு மொத்தத்தையும் கொடுத்தாள். எல்லோரும் அறிந்த அந்தக் கொஞ்சல் பாட்டு, யாரையோ தட்டிக்கேட்கிற பாட்டாக மாறியது. கொஞ்சம் பேர் எழுந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் போனார்கள். கொஞ்சம் பேர் உட்கார்ந்தார்கள். வீடியோவுக்காகத் தூக்கியிருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சலிப்பிலா, கேட்பதற்கா என்று மேடையிலிருந்து தெரியவில்லை. தெரியவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் இருந்தது, பெரிதாக இல்லை, ஆனால் அதில் எதுவும் தியாராவுக்குப் போகவில்லை. ராமப்பன் அழகர்சாமியின் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார். அவரை விலக்கிக்கொண்டு அழகர்சாமி மேடையோரத்துக்கு வந்து பல்லைக் கடித்தார்.

“அடுத்த வாரம் பாகலூர்ல பூங்கொடிதான். சொல்லிப்புட்டேன்.”

“சரிண்ணா. விக்கு உள்ள மேசை மேல இருக்குது, அவகிட்ட குடுத்துருங்க.”

“எறங்கு தாயி.”

“இன்னிக்கி ராத்திரி இந்த மேடை என்னுதுண்ணா. ஒரு பாட்டு தர்றேன்னு சொன்னீங்க. இது தியாராவோட பாட்டு, என் கணக்குல சேராது. என்னுது இனிமேதான்.”

அழகர்சாமி மிக்சரைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய மைக்கின் பொத்தான் அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் கை அதன்மேல் போய் நின்றது, அழுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை.

சுமலதா காத்திருக்கவில்லை. “முனிராஜா, இன்னும் ஒண்ணு கீழ எறக்கு,” என்று சொல்லிவிட்டு மூச்சை இழுத்தாள்.