பதினொன்றாவது பெயர்

வக்கீல் ஹாலிஸ் க்ரம்ப்ளர் மாநில செனட்டுக்கு நான்கு முறை ஜெயித்தவர். பிற்பாடு நீதிபதியும் ஆனார். செத்தபோது கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். அவர் ஆபீஸ் காரியதரிசி நான்.

டென்னசியில் சட்டசபை கூடியிருக்கும்போது, உறுப்பினராக இருக்கும் வக்கீல் ஒரு கடிதம் போட்டால் போதும், அவருடைய வழக்குகள் தள்ளிப்போகும். குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாட்டிய பணக்காரப் பிள்ளைகள் இதற்காகவே எங்களைத் தேடி வந்தார்கள். தள்ளத் தள்ள சாட்சி மறப்பான், ஊரும் மறக்கும். க்ரம்ப்ளர் பெரிய வாதத் திறமைசாலி என்று பேச்சு. அந்தத் திறமையில் பாதி நான் டைப் அடித்த கடிதம்.

1959 ஜனவரியிலும் கையிலிருந்த வழக்குகளை வழக்கம்போல ஒரே பட்டியலாக அடித்து நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். பதினேழு பெயர்கள். பதினொன்றாவது எல்மோ ப்ரூயிட்.

எல்மோ மரம் அறுக்கும் ஆலையில் கூலி. முதலாளியின் கொட்டகைக்குத் தீ வைத்தான் என்று வழக்கு. ஜாமீனுக்கு வழியில்லாமல் சிறையில் கிடந்தான். தீப்பிடித்த நேரத்தில் அவன் தன்னோடு சீட்டாடிக்கொண்டிருந்தான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஏசா டில்மன், பழைய சுரங்கத் தொழிலாளி. நிலக்கரித் தூசு அவர் நுரையீரலை ஏற்கெனவே தின்று முடித்திருந்தது. வெளியே திரிகிறவனுக்குத்தான் தாமதம் லாபம். இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு உறைக்க, எல்மோவின் மனைவி வெர்னா வந்து நிற்க வேண்டியிருந்தது.

"திங்கக்கெழம கோர்ட்டுன்னீங்களே, மிஸ் ஐடா. இப்ப மே மாசம்ங்கறாங்க. அதுவரைக்கும் ஏசா இருப்பாரா?"

தலைநகருக்கு ஃபோன் போட்டேன். செனட்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஒரு கேஸுக்கு மட்டும் வந்து நின்னா, மத்த பதினாறுக்கு ஏன் வரலன்னு ஜட்ஜ் கேப்பார் ஐடா. கெழவன் கெட்டி, தாங்குவான்."

ஏசாவின் வாக்குமூலத்தையாவது எழுதி வாங்கிவிடலாமே என்றேன். நெடுஞ்சாலை மசோதா முடியட்டும் என்றார். நீதிமன்றம் எங்களுக்கு எதிர்ச்சாரியில்தான். நானே போய் நீதிபதியிடம் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மார்ச்சில் ஏசா இறந்தார். அதே வாரம் மசோதா நிறைவேறி, செனட்டரின் படம் பத்திரிகையில் வந்தது.

மே மாதமும் தள்ளிப்போய், ஜூனில்தான் விசாரணை நடந்தது. க்ரம்ப்ளர் உருக்கமாகவே வாதாடினார். சாட்சிக் கூண்டு காலி. ஜூரிகள் நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். பன்னிரண்டு வருஷம்.

நீதிமன்றப் படிக்கட்டில் வெர்னா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்காக ஃபோன் பண்ணினது நீங்க ஒருத்தர்தான், மிஸ் ஐடா. எல்மோ உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

அந்தக் கடிதத்தில் அவன் பெயரைச் சேர்த்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒடம்பப் பாத்துக்க, வெர்னா" என்றேன்.