ஆடத் தகுந்த களம்

வெள்ளிக்கிழமை மதியம் முதல் மாலைவரை மென்னா வியர்சுமாவின் கைபேசி நான்கு முறை ஒலித்தது. நான்கு முறையும் அழைத்தவர் ரெம்மெல்ட். நான்கு முறையும் பேச்சு மழையைப் பற்றியது.

"என்ன மழை, என்ன மழை! மூணு நாளா விடவே இல்லையே."

"தெரியும் ரெம்மெல்ட். அதுல நனைஞ்சுக்கிட்டேதான் பேசுறேன்."

"மைதானம் பாவம். ஏரி மாதிரி ஆகியிருக்கும், இல்ல?"

"காலைல ஏழு மணிக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."

"சும்மா கேட்டேன்."

"நாலாவது தடவையா சும்மா கேக்குற."

ரெம்மெல்ட் டோர்ன்போஸ் வீக்கர்சைல் கால்பந்து கிளப்பின் தலைவர். அவர் சும்மா கேட்கவில்லை என்பதை ஊரே அறிந்திருந்தது. மறுநாள் பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரணி பக்கத்து ஊரான ஊஸ்டர்ஹாம். தோற்காமல் இருந்தால் வீக்கர்சைல் நான்காம் பிரிவில் நீடிக்கும். தோற்றால் ஐந்தாம் பிரிவு. ஐந்தாம் பிரிவென்றால் ஊஸ்டர்ஹாமுக்கே போய்விடுவதாக இளைஞர் நால்வர் முன்பே சொல்லியிருந்தனர். நால்வரும் போய்விட்டால் அடுத்த ஆண்டு பதினோரு பேர் தேற மாட்டார்கள். தொண்ணூற்றைந்து ஆண்டு வரலாற்றில் கிளப்புக்குப் பதினோரு பேர் தேறாத ஆண்டு ஒன்றே: 1945. அந்தக் குளிர்காலத்தில் கோல் கம்பங்களும் விறகாகிப் போயிருந்தன.

இந்நிலையில் வியாழக்கிழமைப் பயிற்சிக்குப் பிறகு அணியினரை உற்சாகப்படுத்த எண்ணிய தலைவர், தம் கையாலேயே கோழியைக் குச்சியில் குத்திச் சுட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலைக்குள் கோல்கீப்பர் உட்பட ஐவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டனர். அவர்கள் எழுந்து நிற்க நான்கு நாட்களாவது வேண்டும். ஆட்டம் தள்ளிப்போனால் அடுத்த புதன்கிழமை நடக்கும். தள்ளிவைக்கும் அதிகாரமோ ரெம்மெல்டிடம் இல்லை, மென்னாவிடம் இருந்தது.

ஆட்ட நாளின் காலையில் களம் ஆடத் தகுந்ததா, அல்லவா என்று சொல்லும் உரிமை ஒருவருக்கே உண்டு. அவரைக் கொன்சுல் என்பர். கிளப்பின் நிர்வாகத்தில் அவர் இருக்கக் கூடாது. அவர் சொல்லுக்கு மறுப்பும் கிடையாது. வார நாட்களில் பால் லாரி ஓட்டும் மென்னா, பத்தொன்பது ஆண்டுகளாக அவ்வூரின் கொன்சுல். மைதானத்துக்கு மிக அருகில் இருந்தது அவர் வீடு என்பதாலேயே அப்பொறுப்பு அவரிடம் வந்தது. வேறு தகுதி எதையும் அப்போது யாரும் விசாரிக்கவில்லை. தகுதி பின்னர் வந்து சேர்ந்தது.

ஊஸ்டர்ஹாமுக்குப் போவதாகச் சொன்ன நால்வருள் ஒருவன் யோரித். அவன் மென்னாவின் மகன். அணியில் அதிக கோல் அடித்தவனும் அவனே. வியாழனன்று பயிற்சி முடிந்தவுடன் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் அவன் கோழிக்குத் தப்பினான்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மென்னா ரப்பர் பூட்ஸும் கையில் ஒரு பந்துமாகப் புறப்பட்டார். வேலியை நெருங்குவதற்குள் மேற்கிலிருந்து குரல் வந்தது.

"ஏய் பொண்ணே! இங்க வந்து இந்தக் கூத்தைப் பாரு!"

மைதானத்தை ஒட்டிய உருளைக்கிழங்கு வயலின் சொந்தக்காரர் ஹார்கோ. எழுபத்து நான்கு வயது. ஐம்பத்திரண்டு வயது மென்னா அவருக்குப் பொண்ணுதான். அந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் கடைசிவரை பொண்ணுதான். வரப்புகளுக்கிடையில் அவர் கணுக்கால்வரை தண்ணீரில் நின்றிருந்தார்.

"நான் கிழங்கு போட்டேனா, மீன் வளக்குறேனா? இந்த மண்ணுல ஒரு நாள் தண்ணி நின்னு நான் பாத்ததில்ல. உன் மைதானத்தைப் பாரு, கம்பளம் விரிச்ச மாதிரி கிடக்கு!"

மென்னா பார்த்தார். உண்மைதான். வயல் குளமாகிக் கிடக்க, வேலிக்கு இப்பால் புல் பச்சைப் பசேலென்று, வெட்கமில்லாமல் உலர்ந்துகொண்டிருந்தது.

அவர் வயலின் மேற்கோரக் கால்வாய்க்கு நடந்தார். கரையில் வரிசையாகப் பன்னிரண்டு வடிகுழாய்களின் வாய்கள் தெரிந்தன. மூன்று நாள் மழைக்குப் பின் அவை கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றிலும் சொட்டுகூட இல்லை. மண்டியிட்டு முதல் குழாய்க்குள் கைவிட்டு இழுத்தார். பச்சையும் வெள்ளையுமாகக் கிளப்பின் பழைய சட்டை ஒன்று வந்தது. முதுகில் எண் நான்கு. அதன் பின்னால் தண்ணீர் பீறிட்டது. இரண்டாவதில் எண் ஏழு இருந்தது. பதினோராவது குழாயில் காலுறைகள். அதற்குள் சட்டைகள் தீர்ந்திருக்க வேண்டும்.

"திருடன் பேரை எழுதி வெச்சிட்டே போயிருக்கான்," என்றார் ஹார்கோ.

மென்னா சட்டைகளைக் கரையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். யார் என்பது மட்டுமல்ல, ஏன் இந்தக் குழாய்கள் என்பதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

1967இல் அந்த மைதானம் கிழக்கு மேற்காக நீண்டிருந்தது. பால் ஆலைத் தொழிலாளர்கள் 1929இல் கிளப்பைத் தொடங்கியபோது அது ஹார்கோவின் தாத்தாவுடைய மேய்ச்சல் நிலம். கறவை முடிந்து மாடுகள் வெளியேறிய பிறகே ஆட்டம் தொடங்கும். களிமண் நிலமாதலால் அக்டோபரில் புதைந்த பந்து ஏப்ரலில்தான் கிடைக்கும் என்று மற்ற ஊரார் கேலி பேசினர். கேலி முப்பத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது. பின்னர் உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர் ஒரு கோடையின் சனிக்கிழமைகள் அனைத்தையும் செலவிட்டு, மண்வெட்டியால் பள்ளம் தோண்டி, முழ நீளச் சுட்ட மண்குழாய்களைப் பன்னிரண்டு வரிசையாகப் பதித்தனர். அந்த வேலையைப் பார்க்க மாகாணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், படமும் எடுக்கப்பட்டது. அந்தப் படம் இன்றும் கேன்டீன் சுவரில் தொங்குகிறது. முன்வரிசையில் மண்வெட்டியுடன் நிற்பவர் ரெம்மெல்டின் தந்தை.

1988இல் நெடுஞ்சாலையை அகலப்படுத்த மைதானத்தின் கிழக்குத் துண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. மிச்ச நிலத்தில் களத்தை வடக்கு தெற்காகத் திருப்ப வேண்டியதாயிற்று. மேற்கில் எஞ்சிய பகுதி, பழைய குழாய்களோடு, ஹார்கோவின் குடும்பத்துக்குத் திரும்பியது. புதிய களத்துக்குப் புதிய குழாய்கள். அவை வடக்குக் கால்வாயில் முடிந்தன. அவற்றையும் உறுப்பினர்களே பதித்தனர். பதினாறு வயது மென்னா அந்தக் கோடை முழுவதும் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள்களைத் தோளில் சுமந்தார். அந்த வேலைக்குப் படம் இல்லை. கேமரா வைத்திருந்த ஒரே ஆள் பள்ளத்துக்குள் நின்றிருந்தார்.

ரெம்மெல்ட் அவ்வாண்டு கட்டாயப் படைச் சேவையில் இருந்தார். அவருக்குத் தெரிந்த வடிகால் சுவரில் தொங்கிய வடிகால்தான்; மைதானத்தின் தண்ணீர் இன்னும் மேற்குக் கால்வாய்க்கே போகிறதென்று நம்பியிருந்தார்.

இந்தச் சனிக்கிழமை ரெம்மெல்ட் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது கரையில் பத்துச் சட்டைகளும் காலுறைகளும் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், கடைசியாக மைதானத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கில் ஹார்கோவே ஒரு கணம் வாயை மூடிக்கொண்டார். ஒரு கணம்தான்.

"டேய் பையா, தலைவராடா நீ? உங்கப்பன் பதிச்ச குழாயில காலுறையைத் திணிச்சிருக்கியே!"

"ஹார்கோ, பம்பு கொண்டுவர்றேன். மதியத்துக்குள்ள..."

"பம்பும் வேணாம், நீயும் வேணாம். அது தானா வடியுது. அடைக்காம இருந்தா போதும்."

குழாய்களுக்கு மன்னிக்கும் குணம் இருந்தது. ஹார்கோவுக்கு அது கொஞ்சம் தாமதமாகும்.

மென்னா பந்தை எடுத்துக்கொண்டு களத்துக்குள் நடந்தார். ரெம்மெல்ட் கோட்டுக்கு வெளியே அவருக்கு இணையாக நடந்தார். கொன்சுல் பார்க்கும்போது கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அவ்வூர் வழக்கம். குழாயை அடைத்த மனிதரும் அதை மீறவில்லை.

"மென்னா, கேளு. நம்மகிட்ட கோல்கீப்பரே இல்ல."

மென்னா குதிகாலை ஊன்றி அழுத்தினார். தடம் விழுந்தது; நீர் ஊறவில்லை.

"சுத்துவட்டாரத்துல எல்லாக் களத்தையும் மூடிட்டாங்க. நீயும் மூடினா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

பந்தைத் தோளுயரத்திலிருந்து விட்டார். முழங்கால்வரை எழும்பியது.

"உன் பையனும் போயிடுவான், தெரியுமில்ல?"

"தெரியும். என் வீட்டுலதான் சாப்பிடுறான்."

ஆறு இடங்களில் பந்து எழும்பியது. ஏழாவது இடம் வடக்குக் கோல் வாசல். அங்கே சாப்பாட்டுத் தட்டளவு ஒரு குட்டை தேங்கியிருந்தது. மென்னா அதன் முன் நின்றார். பந்தை அதன்மேல் போட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டதென்று எழுதலாம், எழுதியதில் ஓர் எழுத்தும் பொய்யாக இராது. யோரித் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

வெகுநேரம் நின்றார். பிறகு மண்ணைக் கிளறும் நீண்ட முள்கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து குட்டையின் நடுவே மூன்று இடங்களில் குத்தி, காத்திருந்தார். தண்ணீர் தயங்கிற்று, சுழித்தது, கீழே எங்கோ காத்திருந்த மஞ்சள் குழாயைத் தேடி இறங்கிப் போயிற்று. பத்து நிமிடத்தில் அங்கே ஈரமான புல் மட்டுமே இருந்தது.

"ஆடலாம்," என்றார்.

"மென்னா..."

"மழை பெய்ஞ்சுதுன்னு எழுதச் சொல்லு, எழுதுறேன். கோழி கெட்டுப்போச்சுன்னு எழுதச் சொல்லு, அதையும் எழுதுறேன். இந்தக் களம் ஆட லாயக்கில்லைன்னு மட்டும் என்னால எழுத முடியாது. அது தன் வேலையைச் செஞ்சிருக்கு."

"அப்ப கோல்ல யாரு நிக்கிறது?"

மென்னா அவரை மேலும் கீழும் பார்த்தார். ரெம்மெல்ட் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை இரண்டாம் அணியின் கோல்கீப்பர். உறுப்பினர் அட்டை இன்னும் செல்லும்.

"சட்டை கரையில காயுது," என்றார் மென்னா. "எண் ஒண்ணு இருக்கான்னு பாரு."

அன்று அந்த வட்டாரத்தில் ஆடப்பட்ட ஒரே ஆட்டம் அதுதான். வேறு போக்கிடம் இல்லாததால் எட்டு ஊர்க்காரர்கள் வந்து குவிந்தனர். நடுவர் பந்தைக் கீழே போட்டுப் பார்த்தார். இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். இது என்ன மண் என்று கேட்டார். கேன்டீனில் கிரோக்கெட் பலகாரம் மூன்று மணிக்கே தீர்ந்தது. கோழி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

ஹார்கோ கோலுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டார். இருபதாவது நிமிடத்தில் பந்து ரெம்மெல்டின் கால்களுக்கிடையே புகுந்தபோது அவருடைய குரல் நெடுஞ்சாலைவரை கேட்டது.

"குழாயை அடைக்கத் தெரியுது, கோலை அடைக்கத் தெரியலையாடா?"

அதுவரை விஷயம் அறியாதவர்களும் அப்போது அறிந்தனர். ரெம்மெல்ட் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றை வயிற்றாலும், ஒன்றை முகத்தாலும், ஒன்றை எதைக் கொண்டென்று தெரியாமலும் தடுத்தார். இடைவேளைக்குப் பின் யோரித் நடுக்கோட்டிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டே போய் ஒரு கோல் அடித்தான். எங்கும் சிக்காமல், எங்கும் தேங்காமல் உருண்ட பந்து அது. கொன்சுல் கைதட்டக் கூடாது. மென்னா கைகளைக் கால்சட்டைப் பைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

எண்பத்தாறாவது நிமிடத்தில் ஊஸ்டர்ஹாம் இரண்டாவது கோலை அடித்தது. அது யார் நின்றிருந்தாலும் தடுக்க முடியாத கோல். ஆட்டம் 1–2 என்று முடிந்தது. ஐந்தாம் பிரிவு.

கேன்டீனில் இரு அணியினரும் மேசைகளைச் சுற்றி உட்கார்ந்தனர். பிறகு ஊஸ்டர்ஹாமின் பயிற்சியாளர், வென்றவருக்குரிய பெருந்தன்மையோடு, யோரித்தின் தோளைத் தட்டினார்.

"அப்ப ஆகஸ்ட்ல நம்ம பக்கம் வந்துடுறதானே?"

"இன்னைக்கு உங்க மைதானத்துல யாரு ஆடினா?"

"எங்க ஆடுறது? முழங்கால் தண்ணி. சின்னப் பசங்க ஆட்டம் ஆறையும் ரத்து பண்ணிட்டோம்."

"போன மாசம்?"

"போன மாசமும் ரெண்டு வாரம்..." பயிற்சியாளர் நிறுத்தினார்.

"நீச்சல் உடுப்பு நீங்க குடுப்பீங்களா, நானே கொண்டுவரணுமா?"

சிரிப்பு மேசையிலிருந்து மேசைக்குப் பரவியது. போவதாகச் சொன்ன மற்ற மூவரும் சேர்ந்து சிரித்தனர். பயிற்சியாளரும் சிரித்துவைத்தார், வேறு வழியில்லை.

பருவத்தின் கடைசி நாளில் அடுத்த ஆண்டுக்கான தாள் கேன்டீன் கதவருகே தொங்கும். ஆட விரும்புபவர் வீட்டுக்குப் போகுமுன் பெயர் எழுத வேண்டும். மென்னா ஆறு மணிக்குப் புறப்படும்போது அதன்முன் நின்று எண்ணினார். பதினான்கு பெயர்கள். ஐந்து பெயர்கள் தாய்மார்களின் கையெழுத்தில் இருந்தன. பெயருக்குரியவர்கள் இன்னும் படுக்கையில் இருந்தனர். யோரித்தின் பெயர் மூன்றாவதாக, சற்றுக் கோணலாக இருந்தது. பதினான்காவது பெயர் ரெம்மெல்ட் டோர்ன்போஸ். அதற்குப் பக்கத்தில், கிளப்பில் என்றுமே உறுப்பினராக இருந்திராத பக்கத்து வயல்காரர் ஒருவர் அழுத்தமான எழுத்தில் எழுதியிருந்தார்: "கோலுக்கு வேறு ஆள் பாருங்கள்."

மென்னா அந்த வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்து, யோசித்து, அதை அப்படியே விட்டுவிட்டார்.