அம்மா தைத்த நீளக்கால் ஜீன்ஸ்

குறட்டின் வாயில் ஜீன்ஸ் பாக்கெட்டின் ரிவெட்டைக் கவ்வக் கொடுத்து சயோகோ பலமாகத் திருகினாள். செப்புத் தலை நசுங்கியதே தவிர கழன்று வரவில்லை. துணி அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. கீழே அம்மாவைப் படுக்கவைத்திருந்த அறையிலிருந்து ஊதுபத்தி வாசனை மாடிப்படி ஏறி வந்தது. நாலு மணிக்குச் சவப்பெட்டி வந்துவிடும்.

"உலோகமும் கண்ணாடியும் மட்டும் வேண்டாங்க" என்று காலையில் ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து வந்தவர் பணிவாகச் சொல்லியிருந்தார். மற்றபடி அம்மாவுக்குப் பிடித்த துணி, பூ, இனிப்பு எதையும் பெட்டிக்குள் வைக்கலாம். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ரிவெட்டும் பட்டனும் போய்விட்டால் ஜீன்ஸும் வெறும் துணிதானே? மடித்து அம்மாவின் காலடியில் போர்வைக்குள் செருகிவிட்டால் நாளைக்கு அவளோடு சேர்ந்து எரிந்துவிடும். அப்பாவின் கண்ணில் படாது.

ஏனென்றால் அது ஆண்பிள்ளை ஜீன்ஸ். அப்பாவுடையதும் இல்லை.

அம்மாவுக்குப் போட்டுவிட வெள்ளைக் காலுறை தேடி அலமாரியைத் திறந்தபோது, அடித்தட்டில் துணிமூட்டையாக அது கிடைத்தது. கூடவே ஆரஞ்சு நூல்கண்டு, ஊசி, அளவு நாடா. தூக்கிப் பிடித்தாள். இடுப்பைத் தன் இடுப்போடு வைத்தும் கால்கள் தரையில் புரண்டன. அப்பா தோகுஜி சயோகோவைவிடக் குட்டை. நாற்பது வருடமாகப் படகில் குந்தியிருந்து, கடலடியில் பானை இறக்கி ஆக்டோபஸ் பிடிப்பவர். உடம்பு பீப்பாய், கால்கள் அதற்கு முட்டுக் கொடுத்த மாதிரி. ஜீன்ஸ் தைப்பதற்கே பேர்போன கொஜிமாவில் பிறந்து வளர்ந்தும் ஜீன்ஸ் பக்கமே போகாதவர்.

அம்மா ஃபுசாயே ஒரு வருடமாக வியாழக்கிழமைதோறும் முழங்கால் வலி சிகிச்சைக்குப் போய்வந்தாள். ஒசாகாவிலிருந்து சயோகோ போன் செய்யும்போதெல்லாம், "இப்போ பரவால்லடி, நல்லா பாக்குறாங்க" என்பாள். நேற்று விடியற்காலை சமையலறையில் சரிந்து விழும்வரை அந்தப் பொய் ஒருநாள்கூட பிசகவில்லை.

பின்பாக்கெட் இரண்டிலும் ஆரஞ்சு நூலால் மலைகள். ஒரு மலையின் தோளுக்குப் பின்னால் இன்னொன்று எட்டிப் பார்த்தது. இரண்டும் சேரும் இடத்தில் ஒற்றைப் பைன் மரம். கடையில் விற்கும் வளைகோட்டுத் தையல் இல்லை. யாரோ ஒருவருக்காக யோசித்து, பிரித்து, மறுபடி போட்ட தையல். பழைய ஊசித் துளைகள்கூடத் தெரிந்தன.

காலையில் ஹிராமட்சு வந்திருந்தார். தையல் வகுப்பு நடத்துகிறவராம். வியாழக்கிழமைகளில் அம்மா போனது அங்கேதானாம். மலைநாட்டுப் பக்கத்து ஆள். வாசல் சட்டத்தில் தலை இடிக்காமல் குனிந்து வர வேண்டிய உயரம். அம்மாவின் முகத்துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, உறவுக்காரர்கள்கூட அழாத அழுகை அழுதார். கிளம்பும்போது சயோகோவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அவங்க தைச்சிட்டிருந்த ஜீன்ஸ் பத்திரமா இருக்கா?"

"எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மூட்டையை அதற்குக் கொஞ்சநேரம் முன்புதான் பார்த்திருந்தாள்.

முதல் ரிவெட் டக்கென்று கழன்று பாயில் உருண்டது. அதே சமயம் படியில் காலடிச் சத்தம். சயோகோ ஜீன்ஸைத் திண்டுக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்தாள்.

தோகுஜி வாசலிலேயே நின்றார். சவரம் செய்யாத முகம்.

"ஊதுபத்தி அணையப் போவுது. ஒருத்தர் கூட இருக்கணும்ல?"

"இதோ வரேன்பா. நீங்க போங்க."

"காலை உள்ள இழுத்துக்கோ."

அவள் தன் காலைப் பார்த்தாள்.

"உன் கால் இல்ல. அதோட கால். வெளிய நீட்டிக்கிட்டிருக்கு."

அவர் உள்ளே வந்து எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு வசந்தகாலத்துலேர்ந்தே தெரியும். அவ குளிக்கப் போனப்போ போட்டுக்கூட பாத்தேன். என் பாதமே வெளிய வரல. அதுக்குள்ள இன்னொரு ஆளும் நிக்கலாம்."

"அம்மாகிட்ட கேக்கலியா?"

"கேட்டா சொல்லிடுவாளே."

அப்பா குரலை உயர்த்தியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"காலையில அந்த ஒட்டடைக்கம்பு வந்து அழுதானே, பாத்தியா? அவன் கால் அளவுதான். அவனைக் கூப்பிட்டுக் குடுத்துடு."

"என்னப்பா பேசுறீங்க? இதை அம்மாவோட அனுப்பிடுறேன். யாருக்கும் தெரியாது."

"எரிக்காத." அவர் குறட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "யாருக்கு வேணா தைச்சிருக்கட்டும். அவ தைச்சது."

கீழே வாசற்கதவு நகரும் சத்தம். "யாரும் இல்லையா? நான்தான், ஒகிதா!"

ஒகிதா தையல் வகுப்பில் அம்மாவின் கூட்டாளி. வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சயோகோ இறங்கி வருவதற்குள் அவள் ஃபுசாயேயின் தலைமாட்டில் மண்டியிட்டு ஊதுபத்தி ஏற்றிவிட்டிருந்தாள்.

"உன் மெஷினை யாருக்கும் விடமாட்டேன்டி. நீயே சொல்லாம போயிட்டே" என்று திட்டிவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு திரும்பி, "ஹிராமட்சு போன் மேல போன் போடுறான். அந்த ஜீன்ஸை யாரும் கீழ வெட்டிடலியே?"

"எந்த ஜீன்ஸ்?"

ஒகிதா அவள் விரல்களைப் பார்த்தாள். "உன் கையெல்லாம் நீலமா இருக்கேம்மா."

சயோகோ கைகளை மடியில் மறைத்தாள். "அது யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அவருக்கா?"

"எவருக்கு?"

"அழுதாரே, அவருக்கு."

ஒகிதா வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு வீடு என்பதால் சிரிப்பைத் தோளில் குலுக்கித் தீர்த்தாள். "ஹிராமட்சுவுக்கா! எங்க நாய் செத்தப்பவும் அவன் அப்படித்தான் அழுதான். அடியே, அது உங்கப்பாவுக்கு. இலையுதிர்காலத்துல எழுபது முடியுதாமே."

படியில் நின்றிருந்த தோகுஜி, "பொய் சொல்லாதீங்க" என்றார். "நான் போட்டுப் பாத்தேன்."

"இன்னும் தண்ணியே படாத துணி அது! தறியிலேர்ந்து இறங்கினபடியே தைச்சது. போட்டுக்கிட்டே வெந்நீர்ல ஊறினா அரைச் சாண் சுருங்கி ஆளுக்குத் தகுந்தாப்புல சேரும். அதுக்குத்தான் நீளமா வெட்டச் சொன்னான் ஹிராமட்சு. கடையில வாங்கினா கீழ மடிக்கணும், மடிச்சா மானம் போயிடும்னு இந்த மனுஷன் தொடவே மாட்டார்னு சொல்லுவா. 'இதைப் போட்டுத் தொட்டில உக்கார வச்சு நானே ஊற வைக்கப்போறேன்'னு அவ சொன்னப்போ வகுப்பே சிரிச்சுது."

தோகுஜி சிரிக்கவில்லை. "சுருங்கினா யாருக்கு வேணா சேரும்" என்றார். அந்தக் குரலில் பழைய சந்தேகம் அப்படியே இருந்தது. "எனக்குன்னு எதுல எழுதியிருக்கு?"

சயோகோ மாடிக்குப் போய் ஜீன்ஸை எடுத்துவந்தாள். "மலைநாட்டு ஆளுக்குத்தான் மலை தைப்பாங்கன்னு நினைச்சேன்" என்று பின்பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"பின்னாடி ஏதாவது இருக்கா? நான் முன்பக்கம்தான் பாத்தேன். கண்ணாடி முன்னால நிக்கவும் வெக்கமா இருந்துச்சு."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஆரஞ்சுக் கோட்டின்மேல் கட்டைவிரல் மெல்ல ஏறி இறங்கியது. முதல் மலை. அதன் தோளில் இரண்டாவது. பைன் மரத்தில் விரல் நின்றது.

"அப்பா?"

"ரெண்டும் இப்படி ஒட்டிக்கிட்டு, நடுவுல மரம் வர்றது ஒரே ஒரு இடத்துலேர்ந்து பாத்தாத்தான். கடல்ல."

"எந்த இடம்?"

"சொல்ல மாட்டேன். என் பானைங்க அங்கதான் கிடக்கு, இந்த மலைங்கதான் எனக்குக் குறி." அவர் பாக்கெட்டை உள்ளங்கையால் நீவினார். "கூடப் பொறந்த அண்ணனுக்கே காட்டினதில்ல. கல்யாணமான புதுசுல இவளை மட்டும் ஒருநாள் கூட்டிப் போனேன். வாந்தி எடுத்துக்கிட்டே கிடந்தா. எதையும் பாக்கலன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

ஒகிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதைப் போய் பின்னால தைச்சிருக்கா பாரு" என்றார் தோகுஜி, ஃபுசாயே படுத்திருந்த பக்கம் பார்த்து. "துறைமுகத்துல ஒரு தடவை நடந்தேன்னா போதும். எல்லாப் பயலும் இடத்தை நோட்டம் விட்டுடுவான்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று தாண்டியிருந்தது. அவர் ஜீன்ஸைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"சயோகோ. தொட்டில தண்ணி விடு. நல்லா சூடா."

"இப்பவாப்பா? ஒரு ரிவெட்டை வேற பிடுங்கிட்டேன்."

"பரவால்ல. போனவளை அனுப்பும்போது இது என் இடுப்புல நிக்கணும், அவ்வளவுதான்."

பெட்டியைச் சுமந்துகொண்டு இரண்டு பேர் வந்தபோது ஒகிதா பூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சயோகோ வாசலில் மண்டியிட்டுக் குனிந்து வணங்கினாள்.

"மன்னிக்கணும். அப்பா குளிச்சிட்டிருக்கார். கொஞ்சம் நேரம் ஆகும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பெட்டியை ஓசையில்லாமல் இறக்கி வைத்து, அதன் இரு பக்கமும் கைகட்டி நின்றார்கள். உள்ளே குளியலறையில் ஜீன்ஸோடு அப்பா அசைந்து உட்கார, தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.