குப்பியில் வந்த மூக்கு

மனித மூக்கின் ஏகபோகம் இன்றோடு முடிகிறது என்று துறைத்தலைவர் அறிவித்தார். அறிவிக்கும்போது அவருக்குக் கடுமையான ஜலதோஷம்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிதிக்குழுவிலிருந்து வந்த அம்மையாரும், கூட வந்த இரண்டு தலையாட்டிகளும். சுவரோரம் நின்ற ஆய்வு மாணவியின் கண் மட்டும் மேசைமேலிருந்த சின்னக் குப்பியைவிட்டு நகரவில்லை. மனித மூக்குக்குள் வாழைப்பழ வாசனையைப் பிடிக்கிற புரதத்தை, மூக்கே இல்லாத செல்களில் வளர்த்து, உலர்த்திப் பொடியாக்கி, அதில் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அதைக் கரைத்துக் கருவியின் தங்கத் தகட்டில் பூசி வாசனையைக் காட்டினால், திரையில் கோடு எழ வேண்டும். எழுந்தால் அவள் ஆய்வுக்கு இன்னும் ஓராண்டு நீட்டிப்பு. எழாவிட்டால் உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

காலையில்கூட அம்மா போனில் கேட்டிருந்தாள்.

"நாலு வருஷமா மோந்து பாக்குறியே, இன்னுமா என்ன வாசனைன்னு தெரியல?"

"நான் மோந்து பாக்கலம்மா. புரதம்தான் மோந்து பாக்கும்."

"அப்ப நீ எதுக்குடி அங்க?"

வழக்கமாக அவள் முதலில் புரதம் பூசாத வெறும் தகட்டுக்கு வாழைப்பழ வாசனையைக் காட்டி, கோடு அசையாமல் கிடக்கிறதா என்று பார்ப்பாள். அன்று அதற்குத் தலைவர் தடை போட்டுவிட்டார். "ஒண்ணுமே நடக்காததப் பாக்கவா அவங்க கார் புடிச்சு வராங்க? நடக்கறத மட்டும் காட்டு போதும்."

குப்பியைத் திறக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். பிப்பெட் குழாயைத் தொட்டு அவருக்கு ஒரு மாமாங்கம் ஆகியிருந்தது. திறக்கும்முன் குப்பியைச் சுழலியில் வைத்துச் சுற்றிப் பொடியை அடியில் இறக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"சார், ஒரு சுத்து சுத்திட்டுத் தரேனே," என்றாள் மாணவி.

"எனக்கே பாடமா?" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திருகி, பொடி தெரிகிறதா என்று கண்ணருகே கொண்டுபோனார். கண்ணுக்குக் கீழேதான் மூக்கு.

தும்மினார்.

வெள்ளையாக ஏதோ பறந்தது. பிறகு அதுவும் இல்லை. கடல் தாண்டி, ஐஸில் பயணம் செய்து வந்த மனித மூக்கின் புரதம், கடைசியில் ஒரு மனித மூக்குக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. தலையாட்டிகளில் ஒருவர் கைக்குட்டையை நீட்டினார்.

மாணவி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கழுவிக் கவிழ்த்ததுபோல இருந்தது. மூடியையும் பார்த்தாள்.

"சார், உள்ள ஒண்ணுமே இல்ல," என்றாள் தாழ்ந்த குரலில்.

"கண்ணுக்குத் தெரியாதும்மா. அதான் விஞ்ஞானம்," என்றார் அவர், அம்மையாருக்குக் கேட்கும்படி.

இன்னொரு வார்த்தை பேசினால் நீட்டிப்பு போய்விடும். காலிக் குப்பியில் உப்புக்கரைசலை விட்டு, பயபக்தியோடு கலக்கி, தகட்டில் பூசினாள். வாழைப்பழ எசன்ஸில் நனைத்த பஞ்சை நீட்டினாள். தலைவர் திரையைப் பார்க்கக் கருவிமேல் குனிந்தார்.

கோடு விறுவிறுவென்று ஏறியது.

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. வாழைப்பழத்துக்கு அசையாத வெறும் தகடு, கடும் நெடி பட்டால் ஆடிவிடும். தலைவர் விருந்தாளிகளுக்காக சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். எவ்வளவு அடித்தோம் என்பது ஜலதோஷக்காரருக்குத் தெரியவில்லை.

"பரவாயில்லையே," என்றார் அம்மையார். "எனக்கு வாழைப்பழமே தெரியல. சென்ட் வாசனைதான் தூக்குது."

"மனுஷ மூக்கோட குறையே அதுதான் மேடம்," என்றார் தலைவர்.

தலையாட்டிகள் தலையாட்டினார்கள். நீட்டிப்பு அங்கேயே கிடைத்தது. கேட்டது ஓராண்டு, கொடுத்தது இரண்டு. இதே முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அடுத்த குப்பி வந்தபோது தலைவர் வெளியூர் மாநாட்டில், இந்த முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாணவி முறைப்படி சுழற்றி, திறந்து, கரைத்து, பூசி, எசன்ஸ் பஞ்சை நீட்டினாள். இந்தத் தடவை தகட்டில் புரதம் இருந்தது.

கோடு அசையவில்லை.