பச்சைக் கோடு நின்ற பத்து விநாடி

செவ்வாய்க்கிழமை காலை வீடியோக்காரர் தாஸிம் தொலைபேசியில் கூப்பிட்டபோது, யேசுரட்ணம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். கல்யாண மண்டபங்களுக்கு லைட் போடுவது அவருடைய தொழில். முந்திய ஞாயிறு மத்தியானம் வெள்ளவத்தையில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பில் இருவரும் வேலை செய்திருந்தார்கள்.

“யேசு அண்ணன், என்ட கமரா போச்சு” என்றார் தாஸிம். “படத்துல மேலிருந்து கீழ ஒரு வெள்ளைக் கோடு நிக்கிது. பம்பலப்பிட்டியில கொண்டுபோய்க் காட்டினேன். லேசர் பட்டு உள்ளுக்கு எரிஞ்சீக்காம்.”

“என்ர லேசரோ?”

“வேற யார்ட? கமரா கதைய பொறகு பாப்பம். திருத்துற ஆள் ஒண்டு கேட்டாரு. கமராவுக்குள்ள போய் எரிச்ச வெளிச்சம் மனிசர்ட கண்ணுக்குள்ளயும் போயீந்தா என்ன செய்றண்டு. அதுதான் எனக்கு ஒரு வேலையும் ஓடுதில்ல.”

யேசுரட்ணம் கையிலிருந்த வயரைக் கீழே போட்டார்.

அந்த லேசர் பெட்டி அவரிடம் வந்து எட்டு மாதம்தான். சிங்கப்பூர் போய் வந்த ஒருவரிடம் வாங்கியது. பின்பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கரில் ‘வகுப்பு 3B’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ரயிலில் மூன்றாம் வகுப்பு மாதிரி, இதுவும் தரம் குறைந்தது என்று நினைத்து விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியவர் அவர். சட்டத்துக்குப் பயந்த மனிதர் என்பதால் முதல் நிகழ்ச்சிக்கு முன் பொலிசுக்கும் போய்க் கேட்டார். அங்கிருந்த அதிகாரி இரண்டே கேள்வி கேட்டார். இது வெடிக்குமா? வெளிச்சம் வானத்தில் தெரியுமா? முந்திய வருடம் கொழும்புக்கு மேலே இரவில் விமானம் வந்து குண்டு போட்டுப் போனதிலிருந்து வானத்து வெளிச்சம் என்றாலே எல்லோருக்கும் பயம். இரண்டுக்கும் இல்லை என்றார் யேசுரட்ணம். போகச் சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று என்று அவரும் நிம்மதியாக இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஸ்டாண்டில்தான் தொடங்கியது. லேசர் பெட்டியை அவர் எப்போதும் உயரமான இரும்பு ஸ்டாண்டின் உச்சியில்தான் பூட்டுவார். அன்று, காலி நகருக்குப் போகும் காலி வீதிச் சோதனைச்சாவடியில் வேனைத் திறந்து பார்த்த சிப்பாய் அந்த நீண்ட குழாய்களைத் தட்டிப் பார்த்து, “மே பட மொகடத?” என்றான். இந்தக் குழாய்கள் எதற்கு என்று கேட்டவனுக்கு யேசுரட்ணம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். சிப்பாய் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். ஆனாலும் குழாய்களை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னான். வாதாட நேரமில்லை. மண்டபத்துக்குப் போய், லேசரை மேடைக்கு முன்னால் ஒரு மேசையில், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மேல் வைத்தார். கிட்டத்தட்ட ஒரு ஆள் நிற்கிற உயரம்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறிய பிறகு, திரைகளை இழுத்து மூடி, புகை விட்டு, லேசரைப் போட்டார்கள். பெட்டிக்குள் சுழலும் சின்னக் கண்ணாடி ஒளியை விசிறி மாதிரி விரித்தது. சனம் கைதட்டியது. அப்போது மின்சாரம் போய், சற்று நேரத்தில் ஜெனரேட்டர் வந்தது. லேசர் பற்றிக்கொண்டது, கண்ணாடி சுழலவில்லை. விசிறியாக விரிய வேண்டிய ஒளி ஒற்றைப் பச்சைக் கோடாக மண்டபத்தின் மறுமுனை வரை அசையாமல் நின்றது. சுவிட்ச் மேடைக்குப் பின்னால் இருந்தது. யேசுரட்ணம் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அணைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்துடன் முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

தாஸிம் கூப்பிட்ட செவ்வாய்க்கிழமை மாலையே அவருடைய வீட்டில் இருவரும் டீவிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கசெட்டைப் போட்டுப் பார்த்தார்கள். ஒளி விசிறியாகச் சுழன்றபோதே கமராவில் பட்டு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது; ஆனாலும் புகையில் பச்சைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. தாஸிம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பத்து விநாடி.

மாப்பிள்ளையும் பெண்ணும் பெட்டிக்குப் பின்னால் இருந்தார்கள். “அவங்களுக்கு ஒண்டுமில்ல” என்றார் தாஸிம். கதிரைகளில் இருந்தவர்களின் தலைக்கு மேலாகக் கோடு போயிருந்தது. எழுந்து நின்றவர் மாப்பிள்ளையின் மாமா ஒருவர்தான். அவரும் பின்பக்கம் திரும்பி யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் பார்க்கப் பார்க்க யேசுரட்ணத்தின் நெஞ்சுப்பாரம் குறைந்துகொண்டே வந்தது. கர்த்தரே என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தாஸிம் படத்தைச் சட்டென்று நிறுத்தினார்.

மண்டபத்தின் கடைசியில், சமையலறைக் கதவடியில், சர்பத் தட்டுடன் ஒரு பெண் நின்றாள். பச்சைப் பொட்டு அவள் முகத்தில் இருந்தது. கண்ணிலா கன்னத்திலா என்று படத்தில் தெரியவில்லை.

மண்டப மனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “பழனியம்மா. ஜிந்துப்பிட்டிப் பக்கம். நாட்கூலிக்கு வாறவ. ஞாயிற்றுக்குப் பிறகு வேலைக்கு வரயில்ல” என்றார் அவர். வீட்டு இலக்கம் அவருக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை, முகம் மங்கலாகத் தெரிந்த அந்தப் படத்தை ஒரு ஸ்டூடியோவில் தாளில் எடுத்துக்கொண்டு இருவரும் ஜிந்துப்பிட்டிக்குப் போனார்கள். முதல் சந்தில் ஒரு கடைக்காரர் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, “அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லீங்க” என்றார். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மூன்றாவது வீட்டில் தட்டுவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டது. சந்து முனையில் ஒரு நடுவயதுப் பெண் மட்டும் அவர்களை நேராகப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“வேனை எங்கிட்டு நிப்பாட்டியிருக்கீங்க?”

அப்போதுதான் யேசுரட்ணம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள். ஒரு தமிழ்ப் பெண்ணின் படம். அந்த முகத்தில் குறிவைத்தாற்போல் ஒரு பச்சைப் பொட்டு. வேன்கள் வந்து ஆட்களைக் கடத்திக்கொண்டு போகிற காலத்தில் இந்தச் சனம் வேறு என்னதான் நினைக்கும்? தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “வா தாஸிம், போவம்” என்றார்.

வீட்டில் மனைவி ஐறீன் முழுவதையும் கேட்டாள். “இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே? ரெண்டு ஆம்பிளையள் படத்தோட போய் நிண்டால் ஆர் ஆளைக் காட்டுவினம்? நாளைக்கு நான் போறன்.”

வியாழக்கிழமை ஐறீன் தனியாகப் போனாள். எவரையும் பெயர் சொல்லி விசாரிக்கவில்லை. குழாயடியில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் லேசர் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். புருஷன் செய்த பிழையையும் மறைக்கவில்லை. வேன் எங்கே என்று முன்தினம் கேட்ட அதே பெண், கதை முடிந்ததும், “நான்தாங்க பழனியம்மா” என்றாள். “எங்க சொந்தக்காரப் புள்ள ஒன்ன அப்பிடித்தான் வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. அதான் பயந்துட்டேன்.”

“உங்கட கண் எப்படி இருக்கு?”

“எரியுதுங்க. தண்ணியா வடியுது. அதாலதான் வேலைக்குப் போகல.”

ஐறீன் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் குடையைக்கூட மடிக்காமல் அதைப் புருஷனிடம் சொன்னாள். யேசுரட்ணம் அன்று முழுக்கச் சோற்றில் கை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளவத்தையில் கண் டொக்டர் றஸ்மியாவிடம் யேசுரட்ணம், ஐறீன், பழனியம்மா மூவரும் போனார்கள். டொக்டர் பழனியம்மாவின் கண்களில் மருந்து விட்டு, அரைமணி நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு உள்ளே கூப்பிட்டு, ஒரு கருவியில் நாடியை வைக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக வெகுநேரம் பார்த்தார். யேசுரட்ணம் சுவரில் சாய்ந்து நின்றார்.

டொக்டர் நிமிர்ந்தார். “ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. உள்ள ஒரு தழும்பும் இல்ல.”

“எரியுதெண்டு சொன்னாவே, டொக்டர்?” என்றாள் ஐறீன்.

“அது வேற. அடுப்புப் புகை, தூசி. சொட்டு மருந்து தாறன், ஒரு கிழமையில சரியாகிடும்.” பழனியம்மாவிடம் திரும்பினார். “அந்த வெளிச்சம் வந்த நேரம் நீங்க என்ன செஞ்சீங்க?”

“கண்ண மூடிக்கிட்டேங்க.”

“உடனேயா?”

“கரண்டு போனப்பவே மூடிட்டேன். கோட்டையில அந்தப் பெரிய குண்டு வெடிச்சப்போ நான் ஒரு ஆபீசுல தேத்தண்ணி ஊத்துற வேல பார்த்தேன். மொதல்ல துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டிச்சு. எல்லாரும் என்னான்னு பார்க்க ஜன்னலுக்கு ஓடினாங்க. நான் கெட்டில வச்சிட்டுப் போகலாம்னு நின்னேன். அதுக்குள்ள குண்டு. ஜன்னல்ல நின்னவங்க கண்ணுலதாங்க அம்புட்டுக் கண்ணாடியும். அன்னையிலயிருந்து கரண்டு போனாலும், எதுவும் பளிச்சுன்னாலும், நான் பார்க்கமாட்டேன். கண்ண மூடிக்கிட்டு அப்பிடியே நின்னுருவேன். தட்ட மட்டும் விடமாட்டேன்.”

டொக்டர் அவளுடைய தோளில் கை வைத்தார். பிறகு யேசுரட்ணத்தைப் பார்த்தார்.

“நீங்கதானே லேசர்காரர்? பெட்டியில என்ன வகுப்பு எழுதியிருக்கு?”

“மூண்டு B.”

“அது தரமில்ல. கண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்கிறதுக்குப் போட்ட இலக்கம். நேராப் பட்டா இமைக்க முந்தியே காயம் பண்ணும்.”

“இதுக்கெண்டு சட்டம் ஒண்டும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை டொக்டர். பொலிசில, வெடிக்குமோ, வானத்தில தெரியுமோ எண்டு மட்டும்தான் கேட்டவை.”

“வானத்தைப் பத்தித்தான் அவங்களுக்குக் கவலை. மண்டபத்துக்குள்ள இருக்கிறவங்களைப் பத்தி நீங்கதான் கவலைப்படணும். இதுக்கு முறை இருக்கு. ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒளி இறங்கவே கூடாது. சுவிட்ச் கையெட்டுற தூரத்தில இருக்கணும், ஒருத்தர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. கண்ணாடி நின்றா ஒளி தானா அணையுற மாதிரி பூட்டணும். அது இல்லாட்டி போடவே வேணாம்.”

யேசுரட்ணம் ஒரு தாள் கேட்டார். டொக்டர் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அந்த முறைகளை யேசுரட்ணம் மேசை விளிம்பில் குனிந்து ஒவ்வொன்றாக எழுதினார். எழுதும்போதே கண்ணீர் வந்து தாளில் விழுந்தது. அவர் துடைக்கவுமில்லை.

வெளியே வந்ததும் தாஸிமை அழைத்தார். அந்தப் பக்கம் “ஹலோ” கேட்டது. இவருக்குச் சத்தம் வரவில்லை.

“யேசு அண்ணன்? என்ன? செல்லுங்க! கண்ணு போச்சா?”

“இல்லை. இல்லை தாஸிம். ஒண்டுமில்லை. அவவுக்கு ஒண்டுமே இல்லை.”

“அல்ஹம்துலில்லாஹ்!” தாஸிமின் குரல் ஐறீனுக்கும் கேட்டது. “அங்கயே நில்லுங்க, நானும் வாறன்.”

காலி வீதியில் வெயில் கொளுத்தியது. கண்மருந்தால் பழனியம்மாவுக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, “யம்மா, பஸ்ஸு எது, லொறி எதுன்னே தெரியலீங்க” என்று சிரித்தாள். ஐறீன் குடையை விரித்து அவளுக்குப் பிடித்து, கையைக் கோத்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். எதிரே இருந்த சைவக்கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் தாஸிமும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பழனியம்மாவைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல், “தங்கச்சி, வடை சாப்பிடுங்க” என்றார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத யேசுரட்ணம் நான்கு தோசைக்குச் சொன்னார். அது வந்ததும் இன்னும் இரண்டுக்குச் சொன்னார்.