புகைவீட்டில் காய்ந்த அட்டைகள்

வடிவேலு பிஸ்கட் டின்னை அம்பிகைபாகனின் மேசைமேல் வைத்தான். பொழுது சாய்வதற்குள் ஜாமீன் ஆள் அலோர் காஜா ஸ்டேஷனுக்கு வராவிட்டால், தம்பி தங்கையாவை விடிந்ததும் தடுப்புக் கேம்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல்தான் என்று ரப்பர் தோட்டத்தில் பேச்சு. தங்கையா செய்த குற்றம், கம்பிவேலி கேட்டைத் தாண்டும்போது தூக்குச்சட்டியில் சோறு வைத்திருந்தது. சோற்றை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம்; காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் காட்டுக்காரனுக்குக் கொண்டுபோகிறான் என்று பிடித்துவிட்டார்கள். அவன் பசி பொறுக்காதவன், அவ்வளவுதான்.

தோட்டத்து ஆளின் வார்த்தை ஸ்டேஷனில் எடுபடாது. டவுனில் பேர் உள்ள சம்பளக்காரர் வேண்டும். வடிவேலுக்கு மலாக்காவில் அப்படித் தெரிந்தவர் அம்பிகைபாகன் ஒருவர்தான், ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி. அந்தப் பழக்கமும் இந்த டின்னில் இருந்த சிகரெட் பட அட்டைகளால் வந்தது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், தோட்டத்துத் துரை வீசி எறிந்த சிகரெட் பெட்டிகளில் பொறுக்கியவை. அட்டைக்கு ஒரு பறவைப் படமாக ஐம்பது. போன வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது அம்பிகைபாகன் அவற்றைப் பார்த்துவிட்டு, "பூஞ்சணம் பிடிக்குது காணும், பத்திரமா வையும். குடுக்க மனம் வந்தா என்னட்டைக் கொண்டுவாரும்" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் போனார்.

இப்போது மூடியைத் திறந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன காணும், கருவாட்டு மணமா இருக்கு?"

"புகைங்க ஐயா. நான் புகைவீட்டு ஆளாச்சே. ரப்பர் ஷீட்டோட சேத்து கம்புல தொங்கவிட்டேன். பாருங்க, ஒரு பொட்டு பூசணம் கிடையாது லா."

பெருமையாகத்தான் சொன்னான். புகை நன்றாக ஏறித் தேன் நிறத்துக்கு வந்த ஷீட்டுதான் அவன் தொழிலில் முதல் நம்பர். பூசணம் கண்டது கழிவு.

"ஐயோ, வெள்ளை அட்டையைக் கருக்கிப்போட்டீரே!" அம்பிகைபாகன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மீன்கொத்தியின் நீலம் மங்கிக் காப்பி நிறமாகியிருந்தது. "சேர்க்கிற ஆக்களுக்கு அச்சடிச்ச அண்டைக்கு இருந்த மாதிரி இருக்கோணும். கப்பல் படத் தொகுதி வீட்டுக்கு வீடு பத்திரமாக் கிடக்கு, அதாலயே ஒருத்தருக்கும் வேண்டாம். இது அருமையான தொகுதி. ஆனா கறை பட்டா அருமைக்கும் மதிப்பில்லை."

மூடியைப் போட்டு டின்னை வடிவேலு பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தம்பியின்ரை விஷயமும்… இந்த நாளிலை கையெழுத்து வைக்கிறது லேசான வேலையில்லை. அவன் நாளைக்குக் காட்டுக்குள்ளை ஓடினா என்ரை உத்தியோகம் போயிடும்."

அட்டை கெட்டதில் அவருக்கு வருத்தம் பாதி, மறுக்கச் சாக்குக் கிடைத்த நிம்மதி பாதி. அதை வடிவேலு அவர் முகத்திலேயே பார்த்தான்.

"ஐயா, அட்டைய அடுப்புல போடுங்க. அவன் ஓடமாட்டான். ஓடினா என்னையப் புடிச்சுக் குடுங்க, நான் எங்கயும் போயிடமாட்டேன்."

அம்பிகைபாகன் ஜன்னலைப் பார்த்தார். அறை வாசலில் அவர் மனைவி யோகம் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது.

"இஞ்சருங்கோ, அட்டை வெள்ளையா இருந்திருந்தா அந்தப் பெடியன் ஓடமாட்டானோ?"

"உமக்கு விளங்காது, யோகம்."

"விளங்குது. பழுதாப் போனது அட்டைதானே. பெடியனுக்கு என்ன பழுது?"

யோகம் உள்ளே போய் அவர் வெளியே போகும்போது மாட்டும் கோட்டை எடுத்துவந்து நீட்டியபடியே நின்றாள். கை தாழவில்லை. வெளியே, ஊரடங்குக்கு முந்திய கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

வடிவேலு டின்னை விட்டுவிட்டு பஸ்ஸை நிறுத்திவைக்க ஓடினான். நகரத் தொடங்கிய பஸ்ஸின் வாசல் கம்பியை எட்டிப் பிடித்தான்.

"யோவ், ஏறுறதுன்னா ஏறு!" கண்டக்டர் கத்தினான்.

"அலோர் காஜா, அண்ணே. ரெண்டு ஆளு. ஒருத்தர் வர்றாரு, கொஞ்சம் நிறுத்துங்க."

"எங்கய்யா ஆளு?"

வடிவேலுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பஸ் நிற்க, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றான். பின்னால் ஐயாவின் தோல் சப்பாத்துச் சத்தம் மூச்சிரைப்போடு நெருங்கி வந்த பிறகுதான் கம்பியை விட்டு வழிவிட்டான்.